கக்கின பிள்ளை தக்குமா?

(உலகத் தாய்ப்பால் வாரத்தையொட்டிக் கொடைக்கானலில் குழந்தை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

இந்த அவையில் கூடியிருக்கும் தாய்மார்களே, அவர்களைக் கையோடு அழைத்து வந்திருக்கும் அம்மாச்சிமார்களே, அப்பத்தாமார்களே, வாசலோரம் நின்றுகொண்டிருக்கும் தந்தைமார்களே! வாசலில் நிற்பவர்கள் உள்ளே வந்து உட்காருங்கள். இன்றைய பேச்சில் பாதி உங்களுக்குத்தான்.

பூம்பாறையிலிருந்து வந்திருக்கிறீர்கள். மன்னவனூரிலிருந்து வந்திருக்கிறீர்கள். பண்ணைக்காடு, தாண்டிக்குடி, வில்பட்டி என்று இந்தப் பழனி மலையின் நாலா பக்கமிருந்தும் இந்தத் தூறலில் பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு குழந்தை. ஒவ்வொருவர் தோளிலும் ஒரு துண்டு. அந்தத் துண்டு ஏன் அங்கே கிடக்கிறது என்பதுதான் இன்றைய பொருள். பால் குடித்த பிள்ளை பாலைக் கக்குகிறதே, அது ஏன்? எவ்வளவு கக்கினால் சும்மா இருக்கலாம்? எப்போது மலையை விட்டு இறங்கியே ஆக வேண்டும்?

‘கக்கின பிள்ளை தக்கும்’ என்று நம் பாட்டிமார் ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். பாலைக் கக்குகிற பிள்ளை பிழைத்துக்கொள்ளும், நன்றாக வளரும், பயப்படாதே என்று பொருள். இதைச் சொன்ன பாட்டி மருத்துவம் படித்தவள் அல்லள். ஆனால் பத்துப் பிள்ளை பெற்றவள், ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் குளிப்பாட்டியவள். இத்தனை வருடம் குழந்தைகளைப் பார்த்த பிறகு நானும் அவள் கட்சிதான். பெரும்பாலும் அவள் சொன்னது சரி. அந்தப் ‘பெரும்பாலும்’ என்ற ஒரு சொல்லுக்காகத்தான் இந்த மேடை.

முதலில், பால் ஏன் மேலே வருகிறது?

வாயிலிருந்து இறங்கும் உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு சுருக்குத் தசை இருக்கிறது. விழுங்கும்போது திறக்கும்; மற்ற நேரம் இறுகி இருக்கும். ஆனால் அது அவ்வப்போது தானாகவே கொஞ்சம் தளர்ந்து கொடுக்கும். உங்களுக்கும் எனக்கும்கூட அது தளர்கிறது. அப்போது நமக்கு ஏப்பம் வருகிறது. பச்சைக் குழந்தைக்கு ஏப்பத்தோடு பாலும் வருகிறது. ஏன் வராது? குழாய் விரல் நீளம்தான். சாப்பாடு முழுக்கத் தண்ணீர். பொழுது முழுக்கப் படுக்கை. அதற்கு மேல், குடிக்கிற அளவைப் பாருங்கள். 4 கிலோ எடையுள்ள குழந்தை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 600 மில்லி பால் குடிக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் அதே கணக்கில் குடித்தால் எவ்வளவு வரும் தெரியுமா? ஒன்பது லிட்டர்! ஒன்பது லிட்டர் பாலைக் குடித்துவிட்டு மல்லாந்து படுங்கள் பார்ப்போம். உங்களுக்கு எதுக்களிக்காதா?

சிகாகோ நகரத்துப் பக்கம் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான தாய் தந்தையரிடம் கேட்டு எடுத்த ஒரு கணக்கை 1997-இல் வெளியிட்டார்கள். முதல் மூன்று மாதத்தில் பாதிக் குழந்தைகள் தினம் ஒரு தடவையாவது கக்குகின்றன. நாலாவது மாதத்தில் மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள். அப்புறம் சரசரவென்று இறக்கம். பத்தாவது மாதம் தாண்டும்போது நூற்றுக்கு ஐந்து. கவனித்தீர்களா? நாலு மாதம் வரை கூடிக்கொண்டுதான் போகும். மூன்று மாதக் குழந்தையின் தாய் என்னிடம் வந்து, “டாக்டர், போன மாசத்தைவிட இந்த மாசம் அதிகமா கக்குறான்” என்று கலங்கினால், அவளுக்கு நான் சொல்வது, “அடுத்த மாசம் இன்னும் கொஞ்சம் கக்குவான், தாயி. பயப்படாதே” என்பதுதான். உட்காரப் பழகட்டும், ஆறு மாதத்துக்கு மேல் கூழும் பருப்புச் சோறும் உள்ளே போகட்டும், தானாக நிற்கும்.

ஆனால் தாய்க்கு அந்தக் கணக்கெல்லாம் ஏறாது. ஏன் என்றால் அவள் பார்ப்பது துணியை. துணி பொய் சொல்லும். இதோ, காட்டுகிறேன்.

இது சுத்தமான வெள்ளைத் துண்டு. இது டீஸ்பூன். இந்த டம்ளரில் பால் இருக்கிறது. முன்வரிசையில் இருக்கிற அந்த அம்மா, எழுந்து வந்து இந்தத் துண்டைப் பிடியுங்கள். நான் இரண்டே இரண்டு டீஸ்பூன் ஊற்றுகிறேன். ஒன்று… இரண்டு… ஊறட்டும். இப்போது துண்டைத் தூக்கி எல்லாருக்கும் காட்டுங்கள். உள்ளங்கையைவிடப் பெரிதாக நனைந்திருக்கிறதா? இது எவ்வளவு பால்? பத்து மில்லி. இதே துண்டைக் குழந்தையின் தோளில் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? “குடிச்ச பால் பூராத்தையும் கக்கிருச்சு!” (அவையில் சிரிப்பு.) நூறு மில்லி குடித்த குழந்தை பத்து மில்லியைத் திருப்பித் தந்திருக்கிறது. அவ்வளவுதான். அந்தப் பத்து மில்லிக்காக, இப்போதுதானே கக்கியது, வயிறு காலியாக இருக்குமே என்று மறுபடியும் பால் கொடுக்கிறோம். நிறைந்த வயிற்றில் மேலும் ஊற்றினால் என்ன ஆகும்? அதையும் கக்கும்.

ஆகவே துணியைப் பார்க்காதீர்கள், பிள்ளையைப் பாருங்கள். கக்கிய பிறகு முகம் தெளிவாக இருக்கிறதா? அடுத்த வேளைக்கு ஆசையாக வாயை வைக்கிறதா? ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் ஒன்றுக்குப் போகிறதா? எடை ஏறுகிறதா? இந்த எடைதான் எல்லாவற்றிலும் பெரிய சாட்சி. முதல் மூன்று மாதத்தில் வாரத்துக்கு 150 முதல் 200 கிராம் வரை கூட வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியர் தராசோடு வருகிறார். தாய் சேய் நல அட்டையில் புள்ளி வைக்கிறார். அந்த அட்டையை டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு, பிள்ளை இளைத்துவிட்டது என்று அடுத்த வீட்டுக்காரி சொன்னதை நம்பி அழுகிறோம். அட்டையில் கோடு மேலே போகிறதா? போகிறது என்றால் கக்கட்டும். துவைக்கிற வேலைதான் நமக்கு.

துவைக்கிற வேலைதான் என்று நான் சுலபமாகச் சொல்லிவிட்டேன். கீழே வத்தலக்குண்டில் சொல்லலாம், அங்கே அரை மணி நேரத்தில் துணி காயும். இங்கே ஆடி, ஐப்பசி மாதங்களில் மூன்று நாளானாலும் துணி காயாது என்பது எனக்குத் தெரியும். அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காய வைக்கிறீர்கள். அந்தப் புகை நாற்றம் ஏறிய துண்டின் மேல்தான் குழந்தையின் மூக்கு கிடக்கிறது. அதற்கு ஒரு வழி. குழந்தையின் சட்டையை மாற்றுவதைவிடக் கழுத்தடியில் ஒரு சின்னத் துணியைச் செருகி, அதை மட்டும் மாற்றுங்கள். பழைய வேட்டியைக் கிழித்தால் இருபது துண்டு வரும். மெல்லிய பருத்தி சீக்கிரம் காயும், டர்க்கி டவல் காயாது. படுக்க வைக்கும்போது மட்டும் அதைக் கழற்றிவிட வேண்டும். இது மருத்துவப் புத்தகத்தில் இல்லாத விஷயம். இந்த மலையில் ஒரு தாய் எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

அடுத்து, எந்த வீட்டிலும் நடக்கிற ஒரு விசாரணைக்கு வருகிறேன். குழந்தை கக்குகிறது. தயிர் மாதிரி திரித்திரியாக வருகிறது. புளித்த வாடை அடிக்கிறது. உடனே தீர்ப்பு வந்துவிடுகிறது: “பால் சேரலை.” குற்றவாளி யார்? பெற்றவள்தான். நீ என்ன தின்றாய்? பேரிக்காய் தின்றாயா? பட்டர் ஃப்ரூட் தின்றாயா? பச்சைத் தண்ணீரில் கை வைத்தாயா? ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் அவள் சாப்பாடு ரசம் சோறும் சுட்ட கருவாடும் என்று ஆகிவிடுகிறது. ஐந்தாறு நாளில் தாய்ப்பாலையே நிறுத்திவிட்டு டின் பாலுக்குப் போய்விடுகிறார்கள். அது எவ்வளவு பெரிய அநியாயம் தெரியுமா?

பால் வயிற்றுக்குள் போனால் திரியத்தான் வேண்டும். வயிற்றில் அமிலம் இருக்கிறது. பால் அதோடு சேர்ந்தால் திரியும். திரிந்து வருகிறது என்றால், வயிறு தன் வேலையை ஆரம்பித்துவிட்டது என்று பொருள். குடித்த உடனே வந்தால் பாலாக வரும். அரை மணி கழித்து வந்தால் தயிராக வரும். இரண்டும் ஒரே பால்தான், தாயின் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

தாயின் சாப்பாடு பாலில் சேராதா என்று கேட்பீர்கள். வாசனை சேரும். அதற்கு உங்கள் ஊர்ச் சரக்கையே சாட்சிக்கு அழைக்கிறேன். பூம்பாறைப் பூண்டு! கொடைக்கானல் மலைப்பூண்டு என்று 2019-இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அந்தப் பூண்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டைப் பாலில் வேக வைத்துக் கொடுப்பது நம் வழக்கம். அமெரிக்காவில் பிலடெல்பியாவில் ஜூலி மெனெல்லா, கேரி போச்சாம்ப் என்ற இருவர் செய்த ஒரு சோதனை 1991-இல் வெளிவந்தது. பாலூட்டும் தாய்களுக்குப் பூண்டு மாத்திரை கொடுத்தார்கள். தாய்ப்பாலில் பூண்டு வாசனை ஏறியது. குழந்தைகள் முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டனவா? இல்லை, வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் மார்பில் இருந்தன, அதிகமாகவும் சப்பின! ஆகையால் அம்மாச்சிமார்களே, உங்கள் மகள் பூண்டுக் குழம்பும் சாப்பிடட்டும், பேரிக்காயும் சாப்பிடட்டும். பசுவின் பாலில் உள்ள புரதம் ஒத்துக்கொள்ளாத குழந்தைகள் சிலர் உண்டு. அவர்களுக்கு மலத்தில் ரத்தம், தோலில் சொறி, எடை ஏறாமை என்று வேறு அடையாளங்களும் சேர்ந்து வரும். அப்போது மருத்துவர் சொல்லி, தாய் இரண்டு முதல் நாலு வாரம் பால், தயிர் வகைகளை நிறுத்திப் பார்ப்பது முறை. அதை வீட்டுப் பஞ்சாயத்தில் முடிவு செய்யக் கூடாது.

சரி, கக்குவதைக் குறைக்கவே முடியாதா? கொஞ்சம் முடியும். கொஞ்சம்தான்.

அவசரப்படாமல் கொடுங்கள். பசி முற்றி வீறிட்டு அழுகிற பிள்ளை பாலோடு காற்றையும் விழுங்கும். கையைச் சப்ப ஆரம்பித்ததுமே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை தானாக வாயை எடுத்தால் நிறுத்திவிடுங்கள். கறந்த பாலைக் கொடுக்க நேர்ந்தால் பாலாடைக் கிண்ணம் நல்லது, ஆனால் தலையை நிமிர்த்திப் பிடித்து உதட்டோரம் வைக்க வேண்டும், குழந்தை நக்கி நக்கிக் குடிக்கட்டும். காலில் மல்லாக்கப் போட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, சங்கில் புகட்டுவது இருக்கிறதே, அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்தப் பால் நேராக நெஞ்சுக்குள் போகும். குளிப்பாட்டுவது பாலுக்கு முன்னால் இருக்கட்டும், பின்னால் வேண்டாம். குளிப்பாட்டும்போது தொண்டைக்குள் விரல் விட்டுக் கோழை எடுப்பதும் வேண்டாம். விரல் விட்டால் நானும்தான் வாந்தி எடுப்பேன்.

பால் குடித்து முடித்ததும் இருபது, முப்பது நிமிடம் குழந்தை நிமிர்ந்து இருக்க வேண்டும். தோளில் போட்டு முதுகை மெதுவாகத் தடவுங்கள். ஏப்பம் வந்தால் நல்லது, வராவிட்டால் அதற்காக அடித்துக் கொட்ட வேண்டாம். கேட்பதற்கு எவ்வளவு லேசாக இருக்கிறது! மார்கழி மாதம், ராத்திரி இரண்டு மணி, வெளியே புல்லின் மேல் உறைபனி, ஓட்டு வீட்டுக்குள் கம்பளியை விட்டுக் கையை எடுத்தால் விரல் மரத்துப்போகிறது. அந்த நேரத்தில் அரை மணி நேரம் எழுந்து உட்கார்ந்து பிள்ளையை நிமிர்த்திப் பிடி என்று சமவெளியிலிருந்து வந்த ஒரு டாக்டர் சொல்கிறான். நடக்கிற காரியமா?

நடக்கும் என்று காட்டிய இன்னொரு மலை ஊர் இருக்கிறது. தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் தலைநகரம் பொகோட்டா. நம் கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் என்றால், பொகோட்டா 2,600 மீட்டர். அதுவும் குளிர் ஊர்தான். 1970-களின் கடைசியில் அங்கே ஒரு தாய் சேய் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகள் குவிந்து கிடந்தார்கள், சூட்டுப் பெட்டிகள் போதவில்லை. எட்கர் ரேய் என்ற மருத்துவர் என்ன செய்தார்? பெட்டி இல்லாவிட்டால் போகட்டும், தாய் இருக்கிறாளே என்றார். குழந்தையின் சட்டையைக் கழற்றி, தாயின் வெறும் மார்பில், தலை மேலே இருக்கும்படி நிமிர்த்தி வைத்துத் துணியால் கட்டினார். கங்காரு முறை என்று உலகமெல்லாம் இன்று அதற்குப் பெயர். நம் அரசு மருத்துவமனைகளிலும் நடக்கிறது. அது குறைமாதப் பிள்ளைகளுக்காக வந்த முறை. ஆனால் நம் பிரச்சினைக்கு அதில் இருக்கிற விடையைப் பாருங்கள். குளிருக்கு உடம்புச் சூடு கிடைத்துவிட்டது, எதுக்களிப்புக்கு நிமிர்ந்த வாகும் கிடைத்துவிட்டது! தொப்பி, டயப்பர் மட்டும் போட்டுப் பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, மேலே கம்பளியைப் போர்த்தி, சுவரில் சாய்ந்து உட்காருங்கள். முகம் மட்டும் வெளியே தெரியட்டும்.

யார் உட்காருவது? இங்கேதான் தந்தைமார்களே, உங்களைக் கூப்பிடுகிறேன். பால் கொடுக்க உங்களால் முடியாது. ஆனால் நெஞ்சு இருக்கிறது, சூடு இருக்கிறது. அவள் பால் கொடுத்துவிட்டுத் தூங்கட்டும். அந்த அரை மணி உங்களுடையது. கேரட் தோட்டத்துக்குக் காலையில் போக வேண்டும் என்பீர்கள். அவளும்தான் போகிறாள். ஒன்றே ஒன்று: கண் செருகினால் பிள்ளையைப் படுக்கையில் கிடத்திவிட்டுத் தூங்குங்கள். பிள்ளையை நெஞ்சில் வைத்தபடி தூங்கிப்போவது ஆபத்து. அறையைச் சூடாக்கக் கரிக் கணப்பை வைத்துக் கதவைச் சாத்துவது அதைவிடப் பெரிய ஆபத்து. கரியிலிருந்து வரும் வாயுவுக்கு மணம் இல்லை, அது கொல்லும். சாம்பிராணி போடுகிறவர்களும், பிள்ளை இருக்கிற அறையில் பீடி, சிகரெட் பிடிக்கிறவர்களும் அதே பட்டியலில்தான். புகை எதுக்களிப்பைக் கூட்டும், நெஞ்சையும் கெடுக்கும்.

எப்படிக் கிடத்துவது? மல்லாக்க. கக்குகிற பிள்ளையாக இருந்தாலும் மல்லாக்கத்தான். இதைச் சொன்னதும் அவையில் ஒரு முணுமுணுப்பு எழுகிறது, எனக்குக் கேட்கிறது. மல்லாக்கக் கிடத்தினால் கக்கியது மூக்கில் ஏறி மூச்சு முட்டாதா? முட்டாது. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலே இருக்கிறது, உணவுக்குழாய் கீழே இருக்கிறது. மேலே வந்த பால் மேட்டில் ஏறித்தான் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டும். குப்புறப் படுத்தால் கணக்கு தலைகீழ். குப்புறக் கிடத்தினால் கக்குவது குறையும் என்பது உண்மைதான், ஆனால் தூக்கத்திலேயே குழந்தை இறந்துபோகும் ஆபத்து கூடும். கக்குவதைக் குறைக்க உயிரைப் பணயம் வைப்பார்களா?

தலைக்குத் தலையணை வேண்டாம். சாய்வும் வேண்டாம். சாய்த்து வைத்தால் பால் இறங்கும் என்று உலகம் முழுவதும் நம்பினார்கள். 1983-இலேயே, சாய்வு நாற்காலியில் உட்கார வைத்த குழந்தைகளுக்கு எதுக்களிப்பு கூடுகிறது என்று அமெரிக்காவில் அளந்து காட்டினார்கள். இடுப்பு மடிந்து வயிறு நசுங்குகிறது அல்லவா? தூங்கும் குழந்தையின் தலை முன்னால் சரிந்து மூச்சு அடைபடுவதும் நடந்தது. கடைசியில் 2022-இல் 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளை அங்கே சட்டம் போட்டே தடை செய்தார்கள். நம் சேலைத் தூளிக்கும் இது கொஞ்சம் பொருந்தும். தூளி நம் சொத்து, தாலாட்டு நம் சொத்து, அதை நான் பழிக்கவில்லை. பால் குடித்த கையோடு தூளியில் மடக்கிப் போடாதீர்கள் என்கிறேன். முகவாய் நெஞ்சில் இடிக்கும்படி கிடக்க விடாதீர்கள் என்கிறேன். குளிருக்காக வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டுவதும் அதே தப்புதான். காலுறை, தொப்பி, ஸ்வெட்டர் போடுங்கள். வயிற்றுக்கு மட்டும் இடம் கொடுங்கள்.

மலைப்பாதையைப் பற்றி ஒரு வார்த்தை. வத்தலக்குண்டிலிருந்து ஏறும்போது டம் டம் பாறை தாண்டியதும் பிள்ளை கக்கிவிட்டது, வளைவு ஒத்துக்கொள்ளவில்லை என்பீர்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பயணத் தலைசுற்றல் வருவது அபூர்வம். வேறு காரணம் இருக்கிறது. கீழே கடையில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் பெருமாள்மலை வருவதற்குள் பலூன் மாதிரி உப்பியிருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது; அடைபட்ட காற்று விரிகிறது. குழந்தை விழுங்கிய காற்றும் அப்படித்தான் விரியும், வெளியே வர வழி தேடும். வண்டி ஏறும் முன் வயிறு முட்டக் கொடுக்காதீர்கள். நடுவில் எங்காவது வண்டியை நிறுத்தி, இறங்கி நின்று, ஏப்பம் விட வைத்துவிட்டு மறுபடி ஏறுங்கள். அவ்வளவுதான்.

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி. மருந்து! கக்குகிற பிள்ளைக்கு நம் வீடுகளில் எத்தனை வைத்தியம்! உரம் விழுந்திருக்கிறது என்று துணியில் போட்டு உருட்டுகிறோம். குடலேற்றம் என்று எண்ணெய் விட்டு வயிற்றை நீவுகிறோம். தொக்கம் எடுக்கிறோம். எடுத்த பிறகு பிள்ளைக்குக் குணமாகிறதா? ஆகிறது! எடுக்காமல் விட்டிருந்தாலும் ஆகியிருக்கும் என்பதுதான் விஷயம். தானாக நிற்கிற ஒன்றுக்கு எந்த வைத்தியமும் பலிக்கும். மெதுவாக நீவினால் நான் சண்டைக்கு வரமாட்டேன். உருட்டிக் குலுக்கினால் வருவேன். பச்சைக் குழந்தையின் மூளை குலுக்கலைத் தாங்காது. உரை மருந்து என்று வசம்பும் மாசிக்காயும் கல்லில் இழைத்து நாக்கில் தடவுவதற்கும் வருவேன். ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று வசம்புக்குப் பேர் வைத்திருக்கிறோம். அந்த வசம்பில் உள்ள அசரோன் என்ற பொருளுக்காக 1968-இலேயே அமெரிக்காவில் அதை உணவில் சேர்க்கக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். அளவு மிஞ்சினால் அதுவே வாந்தியைக் கொண்டுவரும். வாந்திக்குக் கொடுத்தது வாந்தியை வளர்த்தால், நாம் மறுபடியும் இழைப்போம். சேனை வைக்கிறோம் என்று மலைத்தேனைத் தொட்டு வைப்பதும் வேண்டாம். பழனி முருகனின் பஞ்சாமிர்தத்திலும் தேன் உண்டு. ஒரு வயது நிறையட்டும், முருகன் காத்திருப்பான்.

பாட்டிகளை மட்டும் சொன்னால் போதுமா? எங்களையும் சொல்கிறேன். கக்குகிறது என்று வந்தால் ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்துவிடுவது டாக்டருக்குச் சுலபம். ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசுவதுதான் கஷ்டம். சிசாபிரைடு என்று ஒரு மருந்து ஒரு காலத்தில் ஓகோ என்று ஓடியது. இதயத் துடிப்பைக் கெடுக்கிறது என்று தெரிந்து 2011-இல் இந்தியாவில் அது தடை செய்யப்பட்டது. டோம்பெரிடோனுக்கும் அதே சந்தேகத்தில் ஐரோப்பாவில் 2014-இல் கட்டுப்பாடு போட்டார்கள். ரேனிடிடின் அமெரிக்கச் சந்தையிலிருந்து 2020-இல் போய்விட்டது. அமிலத்தைக் குறைக்கிற லான்சோபிரசோல் மருந்தை, பால் குடித்ததும் அழுது முறுக்குகிற 162 குழந்தைகளை வைத்துச் சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்து மாதிரியே ஒரு வெறும் நீர். மருந்து குடித்தவர்களில் நூற்றுக்கு 54 பேருக்குக் குணம். வெறும் நீர் குடித்தவர்களில்? அதே 54 பேர்! ஆகவே போன பிள்ளைக்கு வாங்கிய சொட்டு மருந்து பாட்டிலை எடுத்து இந்தப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டும் வாங்காதீர்கள்.

அப்படியானால் மருந்து தேவைப்படுகிற பிள்ளையே இல்லையா? இருக்கிறது. அமிலம் மேலே வந்து வந்து உணவுக்குழாய் புண்ணாகிவிட்ட குழந்தை. பாலைக் கண்டாலே முதுகை வில்லாக வளைத்துத் திமிறும், இரண்டு வாய் குடித்துவிட்டு வீறிடும், எடை நின்றுவிடும். சில குழந்தைகளுக்கு அடிக்கடி இருமல், மூச்சிரைப்பு. குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும் மூளை வளர்ச்சிக் குறை உள்ளவர்களுக்கும் இது அதிகம். இதுதான் நோய். இவர்களுக்குச் சோதனையும் வேண்டும், தேவைப்பட்டால் மருந்தும் வேண்டும். வெறும் அழுகையை மட்டும் வைத்து இந்தப் பட்டத்தைக் கட்டிவிடக் கூடாது. இரண்டு மாதக் குழந்தை சாயங்காலம் அழுவதற்கு ஆயிரம் காரணம்.

இனிச் சொல்லப்போவதைத் தூங்கும் குழந்தையை எழுப்பிவிட்டாவது கேளுங்கள். ‘கக்கின பிள்ளை தக்கும்’ என்ற பாட்டியின் சொல் எங்கே செல்லாது?

பச்சை! வாந்தியின் நிறம் இலைப் பச்சையாக இருந்தால் அந்தச் சொல் செல்லாது. பச்சை என்றால் பித்தநீர். குடலில் எங்கோ வழி அடைபட்டிருக்கலாம், குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். முறுக்கிய குடலுக்கு ரத்தம் போகாது. சில மணி நேரத்தில் குடல் செத்துவிடும். ஒரே ஒரு தடவை பச்சையாக எடுத்தாலும், பிள்ளை அப்புறம் சிரித்தாலும், கிளம்புங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அடுத்தது பீய்ச்சல். வாயோரம் வழிகிற பாலைச் சொல்லவில்லை, தூரத்தில் போய் விழுகிற வாந்தியைச் சொல்கிறேன். மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள் ஆரம்பிக்கும். நாளுக்கு நாள் கூடும். எடுத்து முடித்ததும் பிள்ளை பசியோடு மறுபடி பாலுக்குத் தேடும். இரைப்பையின் கீழ் வாசலில் தசை தடித்து அடைத்துக்கொள்வதால் வருவது இது. பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு நாலு மடங்கு அதிகம். ஜெர்மானிய மருத்துவர் ராம்ஸ்டெட் 1912-இல் எழுதிவைத்த சின்ன அறுவை சிகிச்சையைத்தான் இன்றும் செய்கிறோம். செய்தால் முழுக் குணம். செய்யாமல் குடலேற்றம் எடுத்துக்கொண்டிருந்தால் பிள்ளை வற்றிப்போகும்.

இவற்றோடு ரத்தம் கலந்த வாந்தி, வயிறு கல்லாக உப்புவது, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல், உச்சிக்குழி புடைப்பது, எழுப்பினால் எழாமல் துவண்டு கிடப்பது, அரை நாளாக ஒன்றுக்கே போகாதது: இவற்றுக்கும் உடனே கிளம்புங்கள். ஆறு மாதம் வரை கக்காத பிள்ளை புதிதாகக் கக்க ஆரம்பித்தாலும், ஒரு வயது தாண்டியும் நிற்காவிட்டாலும் காட்ட வேண்டும். அதற்கு ராத்திரியோடு ராத்திரியாக ஓட வேண்டியதில்லை.

சமவெளியில் இருப்பவனுக்கு ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருவில் இருக்கிறது. உங்களுக்கு? மன்னவனூரிலிருந்து கொடைக்கானலுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல். இங்கே அரசு மருத்துவமனையில் பார்த்துவிட்டு, குழந்தை அறுவை சிகிச்சைக்காக மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்பினால் 120 கிலோமீட்டர். மழைக்காலத்தில் மரம் விழும், மண் சரியும், பிற்பகல் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கும். ஆகவே மலைக்காரர் சமவெளிக்காரரைவிட முன்னதாக முடிவெடுக்க வேண்டும். 108-ஐ அழையுங்கள். வண்டி வருவதற்குள் தாய் சேய் நல அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். வாந்தி பட்ட துணியைத் துவைக்காமல் ஒரு கவரில் போட்டுக்கொள்ளுங்கள். செல்போனில் படம் எடுத்தால் பச்சை மஞ்சளாகத் தெரியலாம், துணியே வேண்டும். கடைசியாக எப்போது பால் கொடுத்தீர்கள் என்று அட்டையின் ஓரத்தில் எழுதுங்கள். பச்சையாக எடுத்த பிள்ளைக்கு வழியில் பால் கொடுக்காதீர்கள், மருத்துவர் பார்க்கட்டும். குழந்தையைத் தாய் நெஞ்சோடு அணைத்து, போர்த்திக்கொண்டு உட்காரட்டும். கூட இன்னொரு ஆள் வரட்டும். காசுக்கும் கையெழுத்துக்கும் அவர் ஓடட்டும், தாய் பிள்ளையை விட்டு நகர வேண்டாம்.

கேள்வி இருப்பவர்கள் உட்கார்ந்தபடியே கேட்கலாம். எடை பார்க்க வேண்டியவர்கள் பக்கத்து அறைக்குப் போங்கள், செவிலியர் தராசோடு காத்திருக்கிறார். ஸ்வெட்டரையும் தொப்பியையும் கழற்றிவிட்டு நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கம்பளிக்கும் சேர்த்துப் புள்ளி வைத்துவிடுவார்.